உடைந்த சாளரமும் உதிர்ந்த ஓவியமும்

கண்டி நகரின் தெற்கே முடிமேல் முடியாக எழுந்து நிற்கும் ஹந்தானை மலைத்தொடரை மலைநாட்டில் அறியாதார் இலர். அதன் அடிவாரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம் பரந்து கிடக்கிறது. பல்கலைக்கழக வளவினூடே கலகாவை நோக்கிச் செல்லும் வீதியில் சற்றுத் தூரம் சென்றால் ஹிந்தகலை என்னும் ஊர் வரும். அங்கே ஒரு பெரும் பாறையின் அணைப்பில் பழைய பௌத்த விகாரை ஒன்று அமைந்துள்ளது. விகாரைக்குள்ளே சென்று வழிபடுவோர் பலர். ஆயின், அதன் கூரைக்கு மேலே, பாறையின் முகத்தில், மங்கிய செந்நிறமும் மஞ்சள் நிறமுமாகத் தோன்றும் சில ஓவியத் துண்டுகளை அண்ணாந்து நோக்குவோர் சிலரே.

அத்துண்டுகள் சாதாரணமானவை அல்ல. பாறையில் பொறிக்கப்பட்ட எழுத்தின் வடிவையும் ஓவியத்தின் நடையையும் கொண்டு, அவை ஏறத்தாழக் கி.பி. ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என அறிஞர் கணித்துள்ளனர். சிகிரியாவின் புகழ்பெற்ற ஓவியங்களோடு உறவுடைய கை ஒன்று இங்கும் வேலை செய்திருக்கிறது. இந்திரசாலைக் குகையில் தவமிருந்த புத்தரைக் காணத் தேவர் தலைவனாகிய சக்கரன் வந்த நிகழ்ச்சி அங்குத் தீட்டப்பட்டுள்ளது என்பர். தபஸ்ஸு, பல்லுகர் என்னும் வணிகர் இருவர் புத்தருக்கு உணவு அளித்த காட்சியும் அங்கு உண்டு என்பது அறிஞர் கருத்து. எனினும், முழு உருவம் என்று சொல்லத்தக்கவை மிகச் சிலவே. ஓரிடத்தில் ஒரு தோள்; ஓரிடத்தில் கூப்பிய கை; எஞ்சிய இடமெல்லாம் வெறும் பாறை.

இனி, அங்கிருந்து கண்டி நகருக்குள் வருவோம். தலதா மாளிகையின் அண்டையிலே, செங்கல்லால் எழுப்பப்பட்ட புனித பவுல் தேவாலயம் நிற்கிறது. 1840-களில் கட்டப்பட்ட கோயில் அது. அதன் பெரிய சாளரத்தில் வண்ணக் கண்ணாடியாலான விவிலியக் காட்சிகள் விளங்குகின்றன. கோப்பித் தோட்டத் துரையாக இருந்த தம் மகனின் நினைவாக ஒரு தாய் 1874-ஆம் ஆண்டில் அளித்த காணிக்கை அது. கதிரவன் ஒளி அதனூடே புகும்போது சிவப்பும் நீலமும் தரையிலே சிந்திக் கிடக்கும். அச்சாளரம் முழுமையானது.

சில மைல் இடைவெளியில் அமைந்த இவ்விரு காட்சிகளும் நம் முன் ஒரு வினாவை எழுப்புகின்றன. முழுமையாக இருப்பதைக் காப்பது எளிது. எவரும் அதன் அருமையை உணர்வர். துண்டு துண்டாக எஞ்சி நிற்பதை என்ன செய்வது? அழித்துவிட்டுப் புதிதாகத் தீட்டுவதா? இடைவெளிகளை நிரப்பி முழுமையாக்குவதா? அன்றி, எஞ்சியதை எஞ்சியபடியே விடுவதா? இவ்வினாவிற்கு விடை தேட, வண்ணக் கண்ணாடிச் சாளரங்களின் பழைய வரலாறு நமக்குப் பெரிதும் துணை செய்யும். ஏனெனில், கண்டியில் உள்ள சாளரத்தின் முன்னோர்களாகிய இடைக்காலச் சாளரங்கள், இங்கிலாந்தின் பங்குக் கோயில்கள் பலவற்றில் இன்று துண்டுகளாகவே எஞ்சியுள்ளன. அவற்றை என்ன செய்வது என்று அந்நாட்டார் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தடுமாறி, பல தவறுகளைச் செய்து, இறுதியில் ஒரு தெளிவுக்கு வந்துள்ளனர்.

முதலில், அச்சாளரங்கள் எவ்வாறு செய்யப்பட்டன என்பதைக் காண்போம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த தியோபிலஸ் என்னும் துறவி, தம் காலத்துக் கைத்தொழில்களைப் பற்றி எழுதிய நூலில் இதனை விரிவாகக் கூறியுள்ளார். மணலையும், பீச் மரத்தை எரித்துப் பெற்ற சாம்பலையும் கலந்து உலையில் உருக்கினர். உருகிய குழம்பில் சில உலோகப் பொருள்களைச் சேர்த்தால் கண்ணாடி நிறம் பெறும். கோபாற்று நீல நிறத்தையும், செம்பு சிவப்பையும் பச்சையையும், மங்கனீசு ஊதா நிறத்தையும் தரும். செம்பினால் பெறும் சிவப்பு மிகவும் அடர்த்தியானது. தடித்த கண்ணாடியாக வார்த்தால் ஒளி புகாது கறுத்துத் தோன்றும். ஆகவே, நிறமற்ற கண்ணாடியின் மேல் சிவப்பை ஒரு மெல்லிய படலமாக ஒட்டவைத்தனர்.

சாளரத்தின் வடிவம், சுண்ணம் பூசிய மரப் பலகையின் மேல் முழு அளவில் வரையப்பட்டது. அவ்வரைவின் மேல் கண்ணாடியை வைத்து, காய்ச்சிய இரும்பினால் வேண்டிய வடிவில் பிளந்தனர். விளிம்புகளை ஓர் இரும்புக் கருவியால் சிறிது சிறிதாகக் கொறித்துச் சீர் செய்தனர். முகத்தின் கண், மூக்கு, ஆடையின் மடிப்பு முதலியவற்றைத் தீட்ட ஒரு கருமை வேண்டுமன்றோ? உலோகத் தூளையும் கண்ணாடித் தூளையும் திராட்சை ரசத்திலோ சிறுநீரிலோ குழைத்துக் கோடு வரைந்து, சூளையில் வைத்துச் சுட்டனர். அதனால் கோடு கண்ணாடியோடு ஒன்றியது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெள்ளிச் சேர்மம் ஒன்றைப் பூசிச் சுட்டால் வெண் கண்ணாடி பொன் மஞ்சளாகும் என்பதையும் அறிந்தனர். இறுதியாக, துண்டுகள் யாவும் ஈயப் பட்டிகளால் இணைக்கப்பட்டு, இரும்புச் சட்டங்களில் கட்டப்பட்டன. அதாவது, முழுமையாக இருந்த காலத்திலும் அச்சாளரம் துண்டுகளின் சேர்க்கையே ஆகும். அவற்றை ஓர் உருவாக இணைத்து நிறுத்தியது ஈயம்.

இக்கண்ணாடி விலை மிக்கது. வாரிக் நகரத்துப் புனித மரியாள் கோயிலின் பியூசம்ப் சிற்றாலயத்துக்குச் சாளரங்கள் அமைப்பதற்காக 1447-ஆம் ஆண்டில் ஜோன் பிரட் என்னும் கைவினைஞரோடு ஓர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. உள்நாட்டுக் கண்ணாடி கூடாது. கடல் கடந்து வந்த சிறந்த கண்ணாடியையே பயன்படுத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. சதுர அடி ஒன்றுக்கு இரண்டு சிலிங் கூலி பேசப்பட்டது. அக்காலத்துக்கு அது பெருந்தொகை. எழுத்தறியா மக்கள் பெரும்பாலராய் இருந்த அந்நாளில், திருக்கதைகளைக் கண்ணால் கண்டு அறிய உதவிய ஏடுகளுள் இச்சாளரங்களும் அடங்கும்.

அந்த ஏடுகள் கிழிந்தது எவ்வாறு? பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சமயச் சீர்திருத்தம் எழுந்தது. 1536-ஆம் ஆண்டுக்கும் 1540-ஆம் ஆண்டுக்கும் இடையில் எட்டாம் ஹென்றி மன்னன் துறவி மடங்களைக் கலைத்தான். அவற்றின் கண்ணாடியும் ஈயமும் சிதறுண்டன. அவன் மகன் ஆறாம் எட்வர்ட் அரியணை ஏறிய 1547-ஆம் ஆண்டில், கோயிற் சுவர்களிலும் கண்ணாடிச் சாளரங்களிலும் உள்ள உருவங்களை நீக்குமாறு ஆணை பிறந்தது. அடுத்த நூற்றாண்டில், மன்னனுக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்ட காலத்தில், இவ்வழிவு மீண்டும் தலைதூக்கியது. 1643, 1644-ஆம் ஆண்டுகளில் வில்லியம் டவுசிங் என்பவர் பாராளுமன்ற அதிகாரம் பெற்று, கேம்பிரிட்ஜ், சஃபோக் பகுதிகளில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட கோயில்களுக்குச் சென்று உருவங்களை உடைப்பித்தார். எந்தக் கோயிலில் எத்தனை உருவங்கள் உடைக்கப்பட்டன என்று நாட்குறிப்பும் எழுதி வைத்தார். அழித்தவரின் குறிப்பே, அழிந்தவற்றைப் பற்றி இன்று ஆராய்வோர்க்கு ஆதாரமாயிற்று.

இவ்வளவு அழிவுக்கும் தப்பித் துண்டுகள் எஞ்சியது எதனால்? அதற்குப் பெரும்பாலும் பக்தி காரணம் அன்று. செலவே காரணம் எனலாம். கண்ணாடியை எடுத்துவிட்டால் குளிர் காற்றும் மழையும் கோயிலினுள்ளே புகும். எல்லாச் சாளரங்களுக்கும் ஒரே வேளையில் புதிய வெண் கண்ணாடி இடப் பங்கு மக்களிடம் பணம் இல்லை. உருவச் சிலைகள் அகற்றப்பட்ட பின்பும் சாளரங்கள் பல இக்காரணத்தால் விட்டுவைக்கப்பட்டன என்று வில்லியம் ஹரிசன் என்னும் எழுத்தாளர் 1577-இலேயே குறித்துள்ளார். சில இடங்களில் முகத்தை மட்டும் உடைத்துவிட்டு உடலை விட்டனர். சாளரத்தின் உச்சியில், கல் வளைவுகளுக்கிடையே அமைந்த சிறு கண்ணறைகளுக்கு ஏணி எட்டாமையால், அங்கிருந்த தேவதூதர் தப்பினர். கோயிலைத் தேடி வருவோர் இன்றும் கீழே வெறுங் கண்ணாடியையும் மேலே யாழ் மீட்டும் தேவதூதரையும் காண்பது இதனாலேயே ஆகும்.

பிற்காலத்தில் இத்துண்டுகளை மக்கள் நடத்திய முறை மூவகைப்படும். முதலாவது, அலட்சியம். 1790-ஆம் ஆண்டையொட்டி, சாலிஸ்பரிப் பேராலயத்தை ஜேம்ஸ் வயட் என்னும் கட்டடக் கலைஞர் சீரமைத்தபோது, அங்கிருந்த பழங் கண்ணாடியின் பெரும் பகுதி பயனற்ற பொருளாகக் கருதப்பட்டுக் குப்பையாயிற்று. அதனை உடைத்தவர் சமயப் பகைவர் அல்லர். கோயிலை அழகுபடுத்த வந்தவரே என்பது கருதத்தக்கது.

இரண்டாவது, அளவிறந்த ஆர்வம். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு வின்செஸ்டர் கல்லூரிச் சிற்றாலயம். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் தோமஸ் என்னும் ஒக்ஸ்போர்ட் கண்ணாடிக் கலைஞர் செய்த சாளரங்கள் அங்கு இருந்தன. அவை மங்கிவிட்டன என்று கருதி, 1820-களில் சுரூஸ்பரி நகரத்துக் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றுக்கு அனுப்பினர். துப்புரவு செய்யப்பட்டு அவை திரும்பும் என்பது எதிர்பார்ப்பு. திரும்பி வந்தவையோ பளபளக்கும் புதிய நகல்கள்! மூலக் கண்ணாடி பலரிடம் சிதறிப் போயிற்று. அதிற் சில பகுதிகள் இருபதாம் நூற்றாண்டில் மீட்கப்பட்டுக் கல்லூரிக்குத் திரும்பின. பெரும் பகுதி திரும்பவில்லை. பகைவன் கல்லெறிந்தபோது தப்பிய சாளரம், அதனை நேசித்தவர் கையில் மறைந்தது.

மூன்றாவது முறையை அதே வின்செஸ்டர் நகரத்துப் பேராலயத்தின் மேற்குப் பெருஞ் சாளரத்தில் காணலாம். 1642-ஆம் ஆண்டில் போர் வீரர்கள் அதனை நொறுக்கினர். 1660-இல் முடியாட்சி மீண்டபின், சேர்த்து வைத்திருந்த துண்டுகளைக் கொண்டு அச்சாளரத்தை மீண்டும் நிரப்பினர். உருவங்களைத் திருப்பி அமைக்க எவரும் முயலவில்லை. அது இயலாத செயல். இங்கொரு முகம், அங்கொரு சிறகு, இடையில் எழுத்து ஒன்று என்று, துண்டுகள் அனைத்தும் கலந்து நிற்கின்றன. ஆயினும், மாலைக் கதிர் அதனூடே பாயும்போது பேராலயத்தினுள்ளே வீசும் ஒளி பழைய ஒளியே. இழப்பையும் அது மறைக்கவில்லை. எஞ்சியதையும் அது எறிந்துவிடவில்லை.

நாட்டுப்புறப் பங்குக் கோயில்கள் பலவற்றிலும் இத்தகைய கலப்புச் சாளரங்கள் உண்டு. புனிதர் ஒருவரின் உடலில் வேறொருவரின் தலை பொருந்தியிருக்கும். எழுத்து தலைகீழாக நிற்கும். பார்ப்போர்க்கு நகை தோன்றலாம். ஆயினும் அத்துண்டுகள் பேசும். வாரிக் கோயிலின் உச்சிக் கண்ணறைகளில் தேவதூதர் ஏந்திய இசைக்கருவிகளைக் கண்டு, பதினைந்தாம் நூற்றாண்டின் இசைக்கருவிகள் எவ்வாறு இருந்தன என்று ஆய்வாளர் அறிகின்றனர். அங்கே இசைக் குறியீடுகளும் கண்ணாடியில் தீட்டப்பட்டுள்ளன. அந்நாளைய ஆடை, அணி, நன்கொடை அளித்தோரின் சின்னம் முதலியனவும் இத்துண்டுகளால் தெரிய வருகின்றன. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அத்துண்டு பழையதுதான் என்று உறுதியாகத் தெரிதல் வேண்டும். பிற்காலக் கை ஒன்று அதன்மேல் கோடு இழுத்துவிட்டால், பேசுவது பழமையா, பிற்காலத்தவரின் கற்பனையா என்று எவராலும் பிரித்தறிதல் அரிது. சாட்சியின் வாயில் நாம் சொற்களை ஊட்டிவிட்டால், அது பின்பு சாட்சியாகாது.

இப்பட்டறிவினால், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பிய அறிஞர் ஒன்று கூடி, இடைக்காலக் கண்ணாடி முழுவதையும் நாடு நாடாகப் பதிவு செய்யும் பெரும் பணியை மேற்கொண்டனர். காக்கும் முறையிலும் சில நெறிகள் உருவாயின. இன்று செய்வது நாளை மாற்றக்கூடியதாக இருத்தல் வேண்டும். புதிதாகச் சேர்த்தது இன்னதெனத் தெரிதல் வேண்டும். செய்ததனைத்தும் எழுதி வைக்கப்படல் வேண்டும் என்பன அவை. மரச் சாம்பலால் செய்த கண்ணாடியை ஈரம் அரித்துக் குழிகளை உண்டாக்கும். ஆகவே, பழஞ் சாளரத்துக்கு வெளியே மற்றொரு தெளிந்த கண்ணாடியை நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே காற்று உலவ இடம் விடுகின்றனர். மழையைப் புதிய கண்ணாடி தாங்கும், பழையது உலர்ந்திருக்கும். பழங் கண்ணாடியில் ஒரு கோடும் சேர்ப்பதில்லை. அதன் சூழலை மட்டுமே திருத்துகின்றனர்.

இனி நம் நாட்டை நோக்குவோம். ஹிந்தகலையில் ஓவியம் எஞ்சியதற்கும் ஈரத்தைத் தடுத்த ஓர் உபாயமே துணை நின்றது. பாறையின் நெற்றியில் நீண்ட விளிம்பு ஒன்றை வெட்டி, மழைநீர் உள்ளே வழியாது வெளியே சொட்டுமாறு அக்காலத்தார் செய்துள்ளனர். இலங்கையின் பண்டைக் குகைகள் பலவற்றில் இந்நீர்வடி விளிம்பைக் காணலாம். ஐரோப்பியர் இன்று வெளிக்கண்ணாடி கொண்டு செய்யும் வேலையை நம் நாட்டுக் கல் தச்சன் உளியினால் முன்னரே செய்துவிட்டான்.

எனினும், நீரைத் தடுத்தல் ஒரு பகுதியே. மனிதர் கையிலிருந்து காத்தல் மறு பகுதி. 1967-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், சிகிரியா ஓவியங்களின் மேல் தீயோர் பச்சை நிறப் பூச்சைப் பூசிச் சென்றதை நாடே அறியும். இத்தாலிய வல்லுநர் லூசியானோ மரன்சி வந்து, அப்பூச்சைப் பொறுமையோடு நீக்கினார். அத்தகைய பகைச் செயலை எல்லோரும் கண்டிப்பர். நற்கருத்தோடு செய்யப்படும் அழிவைக் கண்டிப்போர் அரியர். கோயிற் சுவரைப் புதுப்பித்தல் பௌத்தர்க்கும் இந்துக்களுக்கும் புண்ணியச் செயல். மங்கிய ஓவியத்தின் மேல் வெள்ளையடித்துப் புதிதாகத் தீட்டுவதும், குடமுழுக்கின்போது பழஞ் சிற்பத்தின்மேல் வண்ணம் அப்புவதும் பக்தியாலேயே நிகழ்கின்றன. தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றில், மணலை விசையோடு வீசிச் சுவரைத் தூய்மை செய்தபோது கல்வெட்டுகளும் சேர்ந்து தேய்ந்தன.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கோயில் என்பது காட்சிச் சாலை அன்று. அது வழிபடும் இடம். வணங்க வருபவன் கையிழந்த உருவத்தையும் முகமழிந்த ஓவியத்தையும் கண்டு மனம் நிறைவானா? அவனுக்கு முழு உருவம் வேண்டாமா? வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் புதியது பழையதன் மேலேயே எழுதப்பட வேண்டும் என்பது கட்டாயமா? தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலத்தவர் சோழர் ஓவியத்தின் மேலேயே தம் ஓவியத்தைத் தீட்டினர். 1931-ஆம் ஆண்டில், மேற்படலம் உதிர்ந்திருந்த இடத்தில் உள்ளே சோழர் காலத்து ஓவியம் இருத்தலை எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அதன்பின் மேற்படலத்தைச் சிதையாது பெயர்த்தெடுத்து வேறு தளத்தில் பொருத்தி, இரண்டையும் காக்கும் அரிய பணியைத் தொல்பொருள் துறையினர் செய்யலாயினர். இது பெருஞ் செலவும் பெருந் திறமையும் வேண்டும் வேலை. எல்லாக் கோயிலுக்கும் இது கிட்டுமா?

ஹிந்தகலை காட்டும் வழியோ எளிமையானது. அங்கே பிற்காலத்தார் பாறையின் கீழே ஒரு சிலைமனையைக் கட்டி, அதனுள்ளே தம் காலத்துக்கு ஏற்ற உருவங்களையும் ஓவியங்களையும் அமைத்தனர். வழிபாடு அங்கே தடையின்றி நடக்கிறது. கூரைக்கு மேலே பாறையில் இருந்த பழைய துண்டுகளோ தம் இடத்திலேயே நிற்கின்றன. புதியது முழுமையாக இருக்கட்டும். பழையது எஞ்சியபடியே இருக்கட்டும். இரண்டுக்கும் ஒரே பாறையில் இடமுண்டு.

இலங்கையில் 1890-ஆம் ஆண்டில் தொல்பொருள் திணைக்களம் நிறுவப்பட்டது. 1940-ஆம் ஆண்டில் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயின், சட்டம் சென்றடையு முன்னரே சுண்ணாம்பு வாளி சென்றடைவது ஊர்தோறும் காணும் உண்மை. தோட்டத்துச் சிறு கோயிலாயினும், கிராமத்து விகாரையாயினும், பங்குத் தேவாலயமாயினும், அதன் பொறுப்பாளர் மனத்திற் கொள்ள வேண்டியவை சிலவே. பழைய சுவரில் ஒரு சிறு நிறம் தெரிந்தாலும், பழைய கல்லில் ஓர் எழுத்துத் தெரிந்தாலும், ஈரத் துணியால் துடைத்தலும் சுரண்டுதலும் ஆகா. திருப்பணி தொடங்குமுன் அதைப் படம் எடுத்து வைத்தல் நன்று. கூரை ஒழுகுமாயின் முதலில் கூரையைச் செப்பனிடல் வேண்டும். அறிந்தவரை அழைத்துக் காட்டும்வரை வண்ணக்காரரை நிறுத்தி வைத்தல் வேண்டும். இதற்கெல்லாம் பெருஞ் செல்வம் தேவையில்லை; சிறிது பொறுமையே தேவை.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக மழையும் வெயிலும் அழிக்காது விட்டுவைத்த தோளும் கையும் ஹந்தானை அடிவாரத்தில் இருக்கின்றன. அவற்றை முழுமையாக்கும் ஆற்றல் இன்று எவருக்கும் இல்லை. தீட்டியவன் மனத்தில் இருந்த உருவம் அவனோடு போயிற்று. ஆனால் ஒரே நாளில், ஒரு வாளிச் சுண்ணாம்பினால், அவற்றை இல்லாமற் செய்யும் ஆற்றல் எவருக்கும் உண்டு. அவ்வாற்றலைப் பயன்படுத்தாதிருத்தலே நம் தலைமுறை அவ்வோவியனுக்குச் செய்யத்தக்க மரியாதை ஆகும்.